குறுந்தட்டு தானாகத் திறக்கவில்லையா? அவசரப்பட்டு வீசிவிடாதீர்கள்!

“தம்பி, முன்னயெல்லாம் சிடிய உள்ள தள்ளுனா கம்ப்யூட்டரு தானாத் தொறந்து காட்டும். இப்பச் சுத்துது, நிக்குது, ஒண்ணும் வரமாட்டேங்குது. சிடி செத்துப் போச்சா?”

மஸ்ஜித் தானாவில் குடியிருந்து மலாக்காவுக்கு வேலைக்குப் போய் வருகிறவன் நான். கணினி கொஞ்சம் தெரியும் என்ற பெயர் எப்படியோ வட்டாரத்தில் பரவிவிட்டது. அதனால் மாதத்தில் இரண்டு முறையாவது இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேரும். புலனத்தில் வரும். கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போது வரும். இரவுச் சந்தையில் கையில் மீன் பையோடு நிற்கும்போதும் வரும். ஊர்ப் பெயரிலேயே ‘தானா’ இருக்கிறது, தட்டு மட்டும் தானாகத் திறக்க மாட்டேன் என்கிறதே என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மலாயில் ‘தானா’ என்றால் மண். ஆனால் நகைச்சுவைக்கு அதெல்லாம் கணக்கில்லை.

அண்மைக் காலமாக இந்தக் கேள்வி அதிகமாகியிருக்கிறது. காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும், ஓரளவு புதிய சில்லும் வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடத்து மேசைக் கணினிகள் பலவும் இந்தச் சோதனையில் தேறுவதில்லை. ஆகவே வீட்டுக்கு வீடு பழைய பெட்டி வெளியேறுகிறது, புதியது வருகிறது. புதியதில் தட்டு போடும் இடமே இருப்பதில்லை. பழைய பெட்டியோடு, வீட்டிலிருந்த கடைசி டிவிடி டிரைவும் வாசலைத் தாண்டுகிறது.

போகட்டும், பழைய சாமான்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் அந்தத் தட்டுகளில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில்தான் நம் வீடுகளில் கணினி நுழைந்தது. ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கணினி வாங்கிய குடும்பங்கள்கூட உண்டு. அதே காலத்தில்தான் கல்யாண வீடியோ நாடாவிலிருந்து குறுந்தட்டுக்கு மாறியது. மஞ்சள் நீராட்டு, தோட்டத்துக் கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, தாத்தாவின் இறுதி ஊர்வலம் என்று எல்லாம் தட்டுகளில் ஏறின. அதற்குப்பின் பால்மரத் தோட்டங்கள் செம்பனையாயின, சில இடங்கள் தாமான்களாயின. லயத்து வீடுகள் போய்விட்டன. சில கோயில்கள் இடம் மாறின. அலோர் காஜா மாவட்டத்தில் நான் போய்ப் பார்த்த பல வீடுகளில், அந்தத் தோட்டம் எப்படி இருந்தது என்பதற்கு இருக்கிற ஒரே அசையும் படம் ஒரு சிடியில்தான் இருக்கிறது. அதற்கு நகலும் கிடையாது.

அதனால்தான் இந்தக் கட்டுரை. தட்டு தானாகத் திறக்காமல் இருப்பது ஒரு விஷயம், தட்டு கெட்டுப்போவது வேறு விஷயம். இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல தட்டை வீசியவர்களை எனக்குத் தெரியும்.

பெட்டியைப் பூட்டினால்தான் ரயில்

தட்டை உள்ளே தள்ளியதும் திரையில் படம் வருவதற்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன. முதலில் டிரைவ் தட்டைச் சுழற்றி, லேசர் ஒளியை மேற்பரப்பில் குவித்து, நடுத்துளைக்குப் பக்கத்தில் இருக்கும் பொருளடக்கத்தைப் படிக்க வேண்டும். இரண்டாவதாக, “புதுத் தட்டு வந்திருக்கிறது” என்று கணினிக்குச் சேதி அனுப்ப வேண்டும். மூன்றாவதாக, தட்டில் கோப்புகள் எந்த முறையில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கணினி பார்த்து, அதைத் தன் கோப்புறைகளோடு இணைத்துக்கொள்ள வேண்டும். இந்த இணைப்பைத்தான் கணினிக்காரர்கள் ‘மவுண்ட்’ என்கிறார்கள். பூலாவ் செபாங் நிலையத்தில் ஒரு பெட்டி தனியாக நின்றால் அது ரயில் ஆகாது. இஞ்சினோடு கொக்கி மாட்டிப் பூட்டிய பிறகுதான் அதில் ஏறிப் பயணம் போகலாம். அதே கதைதான். நான்காவது வேலை, “என்ன செய்யட்டும், படம் ஓட்டவா, கோப்புகளைக் காட்டவா?” என்று கேட்பது. விண்டோஸில் இதற்கு ‘ஆட்டோபிளே’ என்று பெயர்.

நான்கில் எது நின்றாலும் நமக்குக் கண்ணில் படுவது ஒன்றுதான். ஒன்றும் வராது. அதனால் எந்த இடத்தில் நின்றது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் போதும். தட்டை உள்ளே போட்டு, அரை நிமிடம் பொறுத்து, ‘திஸ் பிசி’ என்ற சின்னத்தைத் திறந்து பாருங்கள்.

அங்கே டிரைவின் படம் இருக்கிறது, பக்கத்தில் தட்டின் பெயரும் இருக்கிறது, இரட்டைச் சொடுக்கு செய்தால் கோப்புகள் தெரிகின்றன என்றால் உங்கள் தட்டுக்கு ஒரு குறையும் இல்லை. நான்காவது வேலை மட்டும் நின்றிருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் ‘ஆட்டோபிளே’ என்று தேடித் திறந்தால், இசைத்தட்டு, டிவிடி படம், வீடியோ சிடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல் இருக்கும். எல்லாவற்றிலும் ‘ஆஸ்க் மி எவ்ரி டைம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே இருக்கும் கட்டத்திலும் சரி குறி இருக்க வேண்டும். அப்படியும் கேட்கவில்லை என்றால், ‘சர்வீசஸ்’ பட்டியலில் ‘ஷெல் ஹார்ட்வேர் டிடெக்‌ஷன்’ என்ற சேவை ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வேடிக்கையான அறிகுறி உண்டு. இரண்டாவது தட்டைப் போட்ட பிறகும் முதல் தட்டின் பெயரே திரையில் நிற்கும். கணினியை மூடித் திறந்தால் சரியாகிவிடும். அப்படியானால் “தட்டு மாறிவிட்டது” என்ற சேதி போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் யாரோ ஒரு காலத்தில் கிருமிக்குப் பயந்து அந்த அறிவிப்பையே அணைத்து வைத்திருப்பார்கள்.

பயந்ததில் தப்பும் இல்லை. தட்டு தானாக ஓடும் வசதி 1995-இல் விண்டோஸ் 95-உடன் வந்தது. புதிதாகக் கணினி வாங்கியவர்களுக்கு அது வரப்பிரசாதமாக இருந்தது. தட்டைப் போட்டால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அதே வசதியைத்தான் மற்றவர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். 2005-இல் சோனி பிஎம்ஜி வெளியிட்ட சில இசைத்தட்டுகள், கணினியில் போட்டதும் பாட்டோடு சேர்த்து ஒரு மறைமுக மென்பொருளையும் பதிக்கின்றன என்பதை மார்க் ருஸ்ஸினோவிச் என்ற வல்லுநர் வெளிப்படுத்தினார். பெரிய சர்ச்சையாகி, அந்தத் தட்டுகளை நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், இன்னொரு நிறுவனத்தின் இசைத்தட்டுப் பூட்டு இதே தானியங்கி வசதியைத்தான் நம்பியிருக்கிறது, தட்டைப் போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தாலே பூட்டு வேலை செய்யாது என்று எழுதிக் காட்டியிருந்தார். 2008-இன் இறுதியில் கான்ஃபிக்கர் என்ற கிருமி கிளம்பியது. அதன் அடுத்தடுத்த வடிவங்கள் விரலிகள் வழியாகவும் ஓடின. விரலியைச் சொருகியதும் தானாக ஓடும் வசதியே அதற்கு வாகனம். பள்ளிக்கூடக் கணினியிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும் கிருமி போய் வந்த காலம் அது, பலருக்கு நினைவிருக்கும். அதன்பின் விண்டோஸ் 7 விரலிகளுக்குத் தானியங்கியை நிறுத்தியது. 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களுக்கும் அதே மாற்றம் புதுப்பிப்பாக வந்தது. தட்டுகளுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள்.

ஆகவே என் ஆலோசனை, தானாக ஓட விடாதீர்கள், தானாகக் கேட்க மட்டும் விடுங்கள். ‘ஆஸ்க் மி எவ்ரி டைம்’ என்றது அதற்குத்தான்.

கோப்புகள் தெரிகின்றன, ஆனால் படம் ஓடவில்லை என்றும் சிலர் சொல்வார்கள். விண்டோஸ் 8-லிருந்து டிவிடி படம் ஓட்டும் திறனை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. விஎல்சி என்ற இலவச மென்பொருளைப் பதிந்துகொண்டால் போதும். பழைய வீடியோ சிடியையும் அது ஓட்டும்.

அத்தை வீட்டுத் திருவிழா

‘திஸ் பிசி’யில் டிரைவ் தெரிகிறது, ஆனால் திறந்தால் “தட்டைப் போடுங்கள்” என்று கேட்கிறது. தட்டு உள்ளேயேதான் இருக்கிறது. இதுதான் அதிகமாக வரும் நோய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சுங்கை பாரு பக்கம் தோட்டத்தில் இருந்து, இப்போது தாமான் வீட்டுக்கு வந்துவிட்ட அத்தை ஒருவர். உறவு இல்லை, அம்மாவோடு ஒரே நிரையில் பால்மரம் வெட்டியவர், அதனால் அத்தை. ‘கோயில் திருவிழா 2007’ என்று மார்க்கர் பேனாவால் எழுதிய ஒரு டிவிடியைச் சேலைத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். மாமா உறுமி வாசிப்பவர். அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவர் உறுமியோடு நிற்கும் புகைப்படம் வீட்டில் இருக்கிறது. அவர் வாசிக்கும் சத்தம் அந்த ஒரு தட்டில்தான் இருக்கிறது.

“பேரன் பார்த்துட்டான் தம்பி. தேவாரம் சிடி போட்டா ஓடுது. இதப் போட்டா ஓடல. அப்ப இதுலதான் கோளாறுங்குறான்.”

பேரன் சொன்னதில் தர்க்கம் இருக்கிறது. ஒரு தட்டு ஓடுகிறது, இன்னொன்று ஓடவில்லை. அப்படியானால் டிரைவ் நன்றாக இருக்கிறது, தட்டுதான் கெட்டது. பலரும் இப்படித்தான் முடிவுகட்டுவார்கள். ஆனால் டிவிடி டிரைவுக்குள் இரண்டு வகை லேசர் ஒளி இருக்கிறது. சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் அலைநீளம். கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத அகச்சிவப்பு. டிவிடியைப் படிக்க 650 நானோமீட்டர் சிவப்பு. வருடக்கணக்கில் ஓடிய டிரைவில் ஒன்று தளர்ந்து, மற்றது நன்றாகவே இருக்கலாம். எனவே டிவிடியைச் சோதிக்க வேண்டுமானால் இன்னொரு டிவிடியை, அதுவும் கடையில் வாங்கிய அச்சுத் தட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். நான் ஒரு பழைய படத்தின் டிவிடியைப் போட்டேன். அதையும் படிக்கவில்லை. டிரைவ்தான் குற்றவாளி.

அச்சுத் தட்டு எது, வீட்டில் பதிந்த தட்டு எது என்று எப்படித் தெரியும்? பின்பக்கத்தைப் பாருங்கள். ஆலையில் அச்சிட்டது வெள்ளியாகப் பளபளக்கும். பதிந்தது பச்சையோ நீலமோ ஊதாவோ கலந்திருக்கும். அது சாயத்தின் நிறம். லேசர் சாயத்தைச் சுட்டுத்தான் தகவலை எழுதுகிறது. நம் நாட்டு ஆலைகளில் அச்சிட்டதாக இருந்தால் நடுத்துளை ஓரமாகக் குறியீடு ஒன்று பதிந்திருக்கும்; திருட்டு விசிடி கொடிகட்டிப் பறந்த காலத்தில் வந்த 2000-ஆம் ஆண்டின் ஒளித்தட்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. ஆலைத் தட்டில் சாயம் இல்லை, அதனால் நீண்ட நாள் தாங்கும். நம் கல்யாணத் தட்டுகள் எல்லாம் சாயத் தட்டுகள்.

பேரன் இன்னொன்றும் சொன்னான். வேறொரு நாள் தட்டைப் போட்டபோது, “இந்தத் தட்டை எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள்?” என்று விண்டோஸ் கேட்டதாம். “நெக்ஸ்ட் அழுத்தலாமான்னு பார்த்தேன் மாமா, அதுக்குள்ள ஆயா கூப்பிட்டாங்க.” ஆயா கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று. தட்டில் இருப்பதைப் படிக்க முடியாதபோது, இது வெற்றுத் தட்டு என்று கணினி நினைத்துக்கொள்ளும். அது கேட்பது புதிதாக எழுதுவதற்கான அனுமதி. முடித்து மூடப்பட்ட தட்டாக இருந்தால் அதன்மேல் எழுத முடியாது. ஆனால் அழித்தெழுதும் வகைத் தட்டாகவோ, பதிவு முடிந்ததும் ‘ஃபைனலைஸ்’ செய்யாமல் விட்ட தட்டாகவோ இருந்தால் பழையது போய்விடலாம். பழைய தட்டைப் போட்டு இந்தக் கேள்வி வந்தால் ‘கேன்சல்’ மட்டுமே பதில். ஃபைனலைஸ் செய்யாத தட்டு என்று சந்தேகம் வந்தால், அதைப் பதிந்த அதே கேமராவோ ரெக்கார்டரோ இன்னும் யாரிடமாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் போட்டு முடித்துக் கொடுத்தால் கணினி படித்துவிடும்.

அத்தையின் தட்டை முதலில் கழுவினேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விரல் எண்ணெயும் ஊதுபத்திப் புகையும் படிந்த தட்டுகள்தான் பாதிக்கு மேல். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, குழாய்த் தண்ணீர், மென்மையான துணி. துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால், விழும் கீறல் தகவல் ஓடும் பாதையிலேயே நீளமாக விழும். லேசரால் அதைத் தாண்ட முடியாது. பற்பசை, தின்னர், சாம்பல் எதுவும் வேண்டாம். இன்னொன்று, சிடியில் தகவல் படலம் இருப்பது பெயர் எழுதும் பக்கத்தில். மேலே மெல்லிய பூச்சு மட்டும்தான். நாம் பளபளக்கும் பக்கத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டு, எழுத்துப் பக்கத்தைத் தரையில் தேய்ப்போம். அந்தப் பக்கம் கீறினால் தகவலே உரிந்து போகும். டிவிடி பரவாயில்லை, 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவே தகவல் சாண்ட்விச் போல இருக்கிறது.

பிறகு வெளியே சொருகும் யுஎஸ்பி டிவிடி டிரைவைப் பூட்டினேன். இதில் ஒரு குறிப்பு: மேசைக் கணினியின் முன்பக்கத் துளையில் சொருகினால் சில நேரம் மின்சாரம் போதாமல் தட்டு சுற்றி நின்றுவிடும். பின்பக்கத் துளையில் நேராகச் சொருகுங்கள். அங்கே சொருகியதும் தட்டு தானாகவே திறந்துகொண்டது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கரகம் எடுத்தார்கள், காவடி வந்தது. பாதிக்கு மேல் போனதும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மாமா வாசிக்கும் பகுதி கடைசியில்தான் இருக்கிறது என்றார் அத்தை. அதற்கும் காரணம் உண்டு. இந்த வகைத் தட்டுகளில் தகவல் நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கிச் சுருளாகப் போகும். விரல் படுவது, ஈரம் ஏறுவது, உறையில் உரசுவது எல்லாம் விளிம்பில்தான். அதனால்தான் கல்யாண வீடியோவில் முகூர்த்தம் நன்றாக இருக்கும், விருந்து உடையும்.

இத்தகைய தட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கக்கூடாது. டிரைவ் தடுமாறும், நமக்கும் பொறுமை போகும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் இருக்கிறது. அது நன்றாகப் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்துவிட்டுப் பிறகு அவற்றுக்கு மட்டும் திரும்பி வரும். குறிப்பு இருப்பதால் பாதியில் நிறுத்தலாம். வேறு டிரைவில் தட்டை மாற்றிப் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காத இடத்தை இன்னொன்று படித்துவிடும். இது என் அனுபவத்தில் அடிக்கடி நடப்பது. இரவு முழுக்க ஓடவிட்டேன். மறுநாள் நண்பர் ஒருவரிடம் இருந்த பழைய டிரைவில் தொடர்ந்தேன். முடிவில் சில வினாடிகள் மட்டும் போயின. மாமா வாசிப்பது முழுமையாகக் கிடைத்தது. அத்தையிடம் மூன்று விரலிகளில் போட்டுக் கொடுத்தேன், மூன்று பிள்ளைகளுக்கும் ஒன்றாக.

பெட்டிக்குள் பல்லி

மூன்றாவது வகை, ‘திஸ் பிசி’யில் டிரைவே தெரியாமல் இருப்பது. இது தட்டின் தவறு அல்ல என்பது நிச்சயம். கணினியை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். டிரைவின் பின்னால் இரண்டு கம்பிகள் இருக்கும், ஒன்று தகவலுக்கு, ஒன்று மின்சாரத்துக்கு. கழற்றி மறுபடி அழுத்திச் சொருகினாலே பாதி வழக்கு முடிந்துவிடும். தஞ்சோங் பிடாரா பக்கம் கடலோர வீடுகளில் இணைப்பு முனைகள் கறுத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். பல்லி முட்டையும் எறும்புக் கூடும் தனிக் கதை.

கம்பி சரியாக இருந்தால் ‘டிவைஸ் மேனேஜர்’ பாருங்கள். அதில் டிரைவின் பெயர் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தால், வலது சொடுக்கி ‘அன்இன்ஸ்டால்’ செய்து கணினியை மூடித் திறங்கள். விண்டோஸ் தானே மறுபடி பதிந்துகொள்ளும். அப்படியும் பிழை எண் 19 அல்லது 39 என்று காட்டினால், பழைய தட்டுப் பதிவு மென்பொருள் எதுவோ ரெஜிஸ்ட்ரியில் வடிகட்டி ஒன்றை விட்டுச் சென்றிருக்கலாம். அதை நீக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அங்கே கைவைத்துப் பழகுவது நல்லதல்ல. முக்கோணம் இல்லை, ஆனாலும் டிரைவ் தெரியவில்லை என்றால் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ போய் அதற்கு ஓர் எழுத்து கொடுங்கள்.

லினக்ஸ் போட்டிருக்கும் இளைஞர்களுக்கு இரண்டு வரி. இப்போதைய உபுண்டு போன்றவற்றில் தட்டை இணைக்கும் வேலையை யுடிஸ்க்ஸ் என்ற சேவையும் கோப்பு மேலாளரும் சேர்ந்து பார்க்கின்றன. டெபியன் நிறுவும்போது எஃப்எஸ்டேப் கோப்பில் சிடி டிரைவுக்கென்று ‘நோ ஆட்டோ’ என்று ஒரு வரி எழுதிவிடும். தானாக இணைவதில் தகராறு இருந்தால் அந்த வரியின் முன்னால் ஒரு வேலிக் குறி போட்டுப் பாருங்கள். இன்னொன்று, வீடியோ சிடியின் கோப்புகளை லினக்ஸில் சாதாரணமாக நகலெடுத்தால் படிப்புப் பிழை காட்டலாம். அதற்கு விண்டோஸே மேல்.

இசைத்தட்டு பற்றி எல்லாருக்குமாக ஓர் எச்சரிக்கை. பாட்டு சிடியில் கோப்புகளே கிடையாது. 1982-இல் அது வந்தபோது பாட்டுப் பெட்டிக்காகச் செய்தது, கணினிக்காக அல்ல. அதனால் லினக்ஸில் அதை மவுண்ட் செய்ய முயன்றால் முடியாது என்று சொல்லும். அது கோளாறு அல்ல. விண்டோஸ் நம் வசதிக்காக ‘டிராக் 01’, ‘டிராக் 02’ என்று சிடிஏ வகைக் குறிப்புகளைக் காட்டும். ஒவ்வொன்றும் 44 பைட் மட்டுமே. பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற முகவரி அது. பாட்டு அதில் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் தன் அப்பாவின் பஜனைப் பாடல் தட்டிலிருந்து பன்னிரண்டு ‘பாட்டு’களை இரண்டு வினாடியில் விரலியில் ஏற்றிவிட்டு, தட்டைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார். மனைவி அதை எடுத்து உள்ளே வைத்திருந்ததால் தப்பியது. பாட்டு சிடியை விண்டோஸ் மீடியா பிளேயரில் ‘ரிப்’ என்ற பொத்தானை அழுத்தித்தான் எடுக்க வேண்டும். பாட்டுக்குச் சில வினாடிகளாவது பிடிக்க வேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தால் ஒன்றும் வரவில்லை என்று பொருள்.

வீடியோ டிவிடி என்றால் ‘வீடியோ டிஎஸ்’ என்ற கோப்புறையை அப்படியே முழுதாக நகலெடுங்கள். உள்ளே இருக்கும் விஓபி கோப்புகளில் ஒன்றை மட்டும் எடுத்தால் நிகழ்ச்சி நடுவில் அறுந்துவிடும். ஒவ்வொரு கோப்பும் 1 ஜிகாபைட்டுக்கு மேல் போகாதபடி வெட்டி வைத்திருப்பார்கள். வீடியோ சிடி என்றால் ‘எம்பெக் ஏவி’ கோப்புறையில் உள்ள டேட் கோப்புகளை எடுங்கள். சிடியில் 700 மெகாபைட், ஓரடுக்கு டிவிடியில் 4.7 ஜிகாபைட். ஒரு வீட்டுத் தட்டுகள் முழுவதும் நடுத்தர அளவுள்ள ஒரு விரலியில் அடங்கிவிடும். ஒன்றில் மட்டும் வைக்காதீர்கள். விரலியும் ஒரு நாள் கைவிடும்.

எப்போது செய்வது என்று கேட்பார்கள். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டியில், தட்டுகளை 4 முதல் 20 டிகிரி வெப்பத்திலும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. மலாக்காவில் அப்படி ஒரு பொழுது எந்த நாளும் விடிவதில்லை. நம் அலமாரியில் பதினைந்து இருபது வருடம் கிடந்த சாயத் தட்டு இன்று ஓடுகிறது என்றால் இன்றே எடுத்துவிடுங்கள். முதலில் பதிந்த தட்டுகள், அவற்றிலும் ஒரே பிரதி உள்ளவை, பிறகு மற்றவை. கடையில் வாங்கிய படங்கள் கடைசியில் வரட்டும், வராவிட்டாலும் பரவாயில்லை.

பழைய கணினி போய்விட்டதே என்பவர்களுக்கு, யுஎஸ்பி டிவிடி டிரைவ் நூறு வெள்ளி அளவில் கிடைக்கிறது. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். எங்கள் தாமானில் ஒன்று வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

பழைய பெட்டி இன்னும் வீட்டில் இருந்தால், “சூராட் காபார் லாமா” என்று கூவிக்கொண்டு வரும் லோரியில் ஏற்றுவதற்குமுன் டிரைவின் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். மின்சாரம் இல்லாவிட்டாலும் முடியும். டிரைவின் முகப்பில் ஊசித் துளை ஒன்று இருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி உள்ளே நேராக அழுத்தினால் தட்டு வெளியே வரும். கடைசியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, திறக்கவில்லை என்று அப்படியே விட்ட சிடி இன்னும் அதற்குள்ளேயே இருக்கலாம்.